எல்லைக் கோடு

நெட்டுக்குப்பம் கரையில் நின்றால், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள் தெரியும். சுமையோடு வரும்போது நீரில் அமிழ்ந்திருக்கும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது சிவந்த அடிப்பகுதி மேலே தெரியும். கப்பலின் விலாவில் ஒரு வட்டமும் குறுக்குக் கோடும் வரைந்திருப்பார்கள். அந்தக் கோடு மூழ்கும்படி சரக்கேற்றக் கூடாது. 2021 ஜூலையில் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த ஒரு திருத்தத்தைப் படித்தபோது, அந்தக் கோடுதான் என் கண்முன் வந்தது.

அது அடைத்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் குவாலிஸ் பாதுகாப்பு நிறுவன ஆய்வாளர்கள். அதற்கு வைத்த பெயர் 'செக்கோயா', வானளாவும் மரம். டைரக்டரிக்குள் டைரக்டரியாகச் சுமார் பத்து லட்சம் அடுக்கினால் பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டும். அதை மவுன்ட் செய்து, அழித்துவிட்டு, மவுன்ட் பட்டியலைப் படிக்கக் கேட்டால், கர்னல் தன் பஃபரை இரட்டித்துக்கொண்டே போகும். அது 2 ஜிபியைத் தொடும்போதுதான் வினை. அந்த அளவை வாங்கிக்கொள்ளும் அடுத்த ஃபங்ஷனில் இருப்பது 32 பிட் 'இன்ட்'. அதில் அடங்கும் பெரிய எண் 2,14,74,83,647. ஒன்று கூடினாலும் மைனஸ். பஃபருக்கு 2 ஜிபி முன்னால், யாருடைய நினைவகத்திலோ, 10 பைட் எழுதப்பட்டுவிடும். அதைப் பிடித்துக்கொண்டு சாதாரணப் பயனர் முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' ஆகலாம்: கிளையில் ஏறி வேரைப் பிடிக்கும் வித்தை. 2014 முதல் ஏழு ஆண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

கர்னல் நிரலாளர் ஆல் விரோ யோசனை சொல்ல, இன்னொரு நிரலாளர் எரிக் சாண்டீன் எழுதிய திருத்தத்தின் சாரம் இரண்டே வரி: கேட்கும் அளவு வரம்பை மீறினால், பஃபர் கிடையாது.

ரசிக்க வேண்டியது அது நிற்கும் இடத்தை. பிழை வெடித்தது பாதையை எழுதும் இடத்தில். 'இன்ட்' இருக்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றியிருக்கலாம். சாண்டீன் அவற்றுக்கெல்லாம் மேலே, இத்தகைய பஃபர்கள் அனைத்தும் பிறக்கும் ஒரே வாசலில் காவல் வைத்தார். கீழே இதே தவறு வேறெங்கு ஒளிந்திருந்தாலும் அத்தனை பெரிய எண் அங்கே போய்ச் சேராது. வரம்பும் புதிதல்ல, ஒரே தடவையில் படிக்கவோ எழுதவோ கர்னல் ஏற்கெனவே வைத்திருந்த அளவு, 2 ஜிபிக்குச் சற்றுக் கீழே. நேர்மையான பயனர் எவருக்கும் இழப்பில்லை: மவுன்ட் பட்டியலுக்கு 2 ஜிபி யாருக்கு வேண்டும்? இரண்டே வரி என்பதால் பழைய பதிப்புகளுக்கும் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தது.

கப்பல் கோடும் இப்படித்தான். அது கப்பலின் சுவரை ஒரு அங்குலம்கூடத் தடிப்பாக்குவதில்லை. சரக்கேற்றும்போதே, கடலுக்குப் போகுமுன்பே, போதும் என்கிறது.