கொல்லிமலை வளைவுகளில் ஒரு பென்ஸ் கூபே

பென்ஸ் என்றால் நாமக்கல்லின் மூத்த லாரிக்காரர்களுக்கு டாடா மெர்சிடிஸ் லாரிதான். 1954-ல் டாடா, ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 1969 வரை அந்த லாரிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. லாரிக்கு பாடி கட்டியே பெயர் வாங்கிய ஊருக்கு அந்த நட்சத்திரம் புதிதல்ல. அதே நட்சத்திரம் தாங்கிய இரண்டு கதவு கார் ஒன்றை சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்கு ஓட்டிப் போனேன். 1994-ஆம் ஆண்டின் இ 220 கூபே. வலது பக்க ஸ்டியரிங், ஐந்து கியர், கூடவே ஸ்போர்ட்லைன். வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் தன்னோடு கொண்டுவந்த வண்டி.

கார் பிரியர்கள் இதை சி124 என்பார்கள். 1987-ல் ஜெனீவா கண்காட்சியில் 230 சிஇ, 300 சிஇ என்ற இரண்டு மாடல்களாக வெளிவந்தது. 1989-ல் 24 வால்வு கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின், 220 குதிரைத்திறனுடன் சேர்ந்தது. 1993-ல் முகம் மாறி, நட்சத்திரம் கிரில்லை விட்டு பானட்டின் மேல் ஏறியது. பெயரும் இ-கிளாஸ் ஆனது. 1996-ல் தயாரிப்பு நின்றபோது கணக்கு 1,41,498 கூபேக்கள். இருபது லட்சத்தைத் தாண்டிய நான்கு கதவு வண்டிகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

ஸ்போர்ட்லைன் என்ற பெயரைப் பார்த்து வேகம் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். 1989-ல் வந்த இந்தத் தொகுப்பு எஞ்சினைத் தொடவே இல்லை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இறுக்கமானவை, வண்டி சற்றுத் தாழ்ந்து நிற்கும், ஸ்டியரிங் சீக்கிரம் திரும்பும், முன் சீட்டுகள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். டயர் 195/65-க்குப் பதில் 205/60. எஞ்சினிலும் பலம் வேண்டியவர்களுக்கு ஏஎம்ஜியின் 3.6 லிட்டர், 272 குதிரைத்திறன் கூபே தனியாக இருந்தது. விலையும் அதற்கேற்றபடி.

கதவைத் திறந்து உட்கார்ந்ததும், பின்னாலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு சீட் பெல்ட்டைக் கொடுக்கிறது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கினால் நடுவில் தூணே இல்லை; முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. ராசிபுரத்துக் காற்று முழுவதும் உள்ளே வந்துவிட்டது. இதற்காக மட்டுமே செடானை விட்டுக் கூபேயை வாங்கலாம் என்பேன்.

நெடுஞ்சாலையில் 150 குதிரைத்திறன் நிறைவாகப் போதும். அவசரப்படாமல் வேகம் பிடித்து, பிடித்த வேகத்தில் நிலையாக ஓடுகிறது. சேந்தமங்கலம் தாண்டிய கிராமத்து வேகத்தடைகள்தான் சோதனை. தாழ்ந்த சஸ்பென்ஷன் என்பதால் ஒவ்வொன்றையும் ஊர்ந்து கடக்க வேண்டியிருந்தது. பழுதான சாலையில் முதுகுக்கும் தெரிகிறது.

காரவல்லியில் மலை ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் ஸ்போர்ட்லைன் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. செடானைவிட 85 மில்லிமீட்டர் குறைந்த வீல்பேஸ். பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் பிடித்து நிறுத்துகின்றன. செகண்ட் கியரில் வளைவுக்குள் நுழைந்தால் உடல் சாய்வதில்லை, ஸ்டியரிங்கை நடுவில் திருத்த வேண்டியதும் இல்லை. இருபதாவது வளைவுக்குள் வண்டி எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்று உள்ளங்கைக்கே தெரிந்துவிட்டது. செங்குத்தான வளைவுகளில் மட்டும் எஞ்சின் திணறி ஃபர்ஸ்ட் கியர் கேட்டது. இறங்கும்போது பிரேக் நம்பிக்கை தந்தது. ஆனாலும் கியரில் இறங்குவதுதான் முறை.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு. 1990-களின் முதல் பாதியில் வந்த வண்டிகளில் எஞ்சின் ஒயரிங்கின் உறை சூட்டில் உதிர்ந்துவிடுவது உலகம் அறிந்த குறை. மாற்றிய ரசீது இல்லாமல் விலை பேசாதீர்கள். அகலம் ஒன்றுதானே என்று பழைய இன்னோவாவின் 205/65 டயரை மாட்ட வேண்டாம். சக்கரத்தின் விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர் கூடி, ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். கதவுக் கண்ணாடி ரப்பர், பின்பக்கத் தகடுகள் கூபேக்கே உரியவை. அவற்றை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. 1995 முதல் பூனாவில் பூட்டி விற்ற இ 220 செடானிலும் இதே 2.2 லிட்டர் எம்111 எஞ்சின்தான். எஞ்சின் சாமான்களும் அதைக் கழற்றி மாட்டிப் பழகிய மெக்கானிக்குகளும் நம் நாட்டிலேயே கிடைப்பார்கள். ஆறு சிலிண்டர் கூபேயின் சத்தமும் இழுவையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் சேலத்தில் வைத்து ஓட்டவும் பழுது பார்க்கவும் ஒன்று வேண்டுமென்றால் என் தேர்வு நான்கு சிலிண்டர் இ 220, மேனுவல் கியர், ஸ்போர்ட்லைனுடன். மலைப்பக்கமே போகாதவர் ஸ்போர்ட்லைன் இல்லாத வண்டியை எடுங்கள். வேகத்தடைகளில் நிம்மதியாக இருக்கும்.