கரமாசோவ் வீட்டுப் பிள்ளைகள்

இளமையில் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ளான பிள்ளைகள் வாலிபத்தில் குடி, கடன், சண்டை என ஆபத்தான வழிகளில் இறங்குவது ஏன் என்பதை உளநூலார் இன்று எண்களைக் கொண்டு ஆராய்கின்றனர். ருஷ்ய ஆசிரியர் தாஸ்தயெவ்ஸ்கி 1879-80இல் வெளியிட்ட ‘கரமாசோவ் சகோதரர்கள்’ நாவலில் இதே வினா கதையாக விரிந்து கிடக்கிறது. கொலைகாரன் யார் என்பதிலேயே கருத்தைச் செலுத்துவோர் இதனைக் காணத் தவறுவர். 1928இல் இந்நாவலை ஆராய்ந்த ஃபிராய்டுகூட, தந்தைமேல் மகன் கொள்ளும் மறைவான பகையையே பெரிதுபடுத்தினார். அம்மகன் குழந்தையாயிருந்தபோது தந்தை அவனை மறந்தே போனான் என்னும் எளிய செய்திக்கு உரிய இடம் தரவில்லை.

மறந்தே போனான் என்பது மிகையன்று. மூத்தவன் திமீத்ரியின் மூன்றாம் வயதில் தாய் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். வேலையாள் கிரிகோரி தன் குடிசையில் வைத்துப் பிள்ளையைக் காக்கிறான். உறவினர் ஒருவர் வந்து குழந்தையைப் பற்றிப் பேச, எந்தக் குழந்தை என்பதே விளங்காமல் விழிக்கிறான் தந்தை ஃபியோதர்! இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளான இவானும் அலியோஷாவும் தாயை இழந்து அதே குடிசைக்கே வருகின்றனர். ஃபியோதரின் மகனே என்று ஊரார் பேசும் ஸ்மெர்தியாக்கொவையும் கிரிகோரிதான் வளர்க்கிறான். ஆனால் நீ மனிதப் பிறவியே அல்ல என்று அவனை இழித்துரைக்கிறான். பன்னிரண்டு வயதில் விழுந்த ஓர் அறைக்குப் பின் ஒரு வாரத்தில் அச்சிறுவனுக்கு வலிப்பு கண்டுவிடுகிறது.

புறக்கணிப்பு ஏறத்தாழ ஒன்றே; விளைவுகளோ நான்கு. திமீத்ரி கைக்கு வந்த பணத்தை மோக்ரோயே என்னும் சிற்றூரில் ஒரே களியாட்டத்தில் வாரி இறைக்கிறான். இவான் அறிவுக்குள் ஒடுங்குகிறான். பூனைகளைத் தூக்கிலிட்டு விளையாடிய ஸ்மெர்தியாக்கொவ் வஞ்சத்தைச் சேர்த்துவைக்கிறான். அலியோஷாவோ எவரையும் பழிப்பதில்லை. போன இடமெல்லாம் அன்பை ஈர்க்கும் இயல்பு சிறுவயதிலேயே அவனுக்கு உண்டு என்கிறார் ஆசிரியர். நாவலின் நுட்பமான இடம் இதுவே. பிள்ளையின் இயல்பு, பட்ட துன்பத்தை ஏற்கும் விதத்தை மட்டுமன்றி, அடுத்தவர் கையிலிருந்து கிடைக்கும் பரிவின் அளவையும் மாற்றிவிடுகிறது.

துன்புற்ற பிள்ளையெல்லாம் கெட்டுப்போகும் என்ற விதி இல்லை. அமெரிக்காவில் கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளானோருள் சிறார் பருவத்திலேயே குற்றத்திற்காகக் கைதானவர் 26 விழுக்காடு, மற்றவருள் 17. வேறுபாடு மெய்யே, பெரும்பாலோர் கைதாகவில்லை என்பதும் மெய்யே.

வழக்கு மன்றத்தில் திமீத்ரியின் வழக்கறிஞர் இளமைத் துயரத்தைச் சொல்லலங்காரமாக அடுக்குகிறார். அவரைவிட ஆழமாக மனத்தைத் தொடுபவர் முதிய மருத்துவர் ஹெர்ட்சென்ஷ்டூபே. காலணியின்றி முற்றத்தில் ஓடித் திரிந்த சிறுவனுக்கு அவர் ஒரு பவுண்டு கொட்டைப் பருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். 23 ஆண்டுகள் கழித்து அவன் தேடிவந்து நன்றி கூறினான். சொல்லலங்காரம் வழக்கை வெல்லவில்லை, பருப்பும் வெல்லவில்லை. ஆயினும் திமீத்ரி ஏன் கொலைவரை செல்லவில்லை என்பதற்கு அப்பருப்பே ஓரளவு விடை தருகிறது.

ஸ்மெர்தியாக்கொவுக்கு அத்தகைய பருப்பை எவரும் தரவில்லை. ஆசிரியரும் தரவில்லை என்பதே இந்நாவலின் பெருங்குறை. வழக்குக்கு முந்திய இரவில் அவன் தூக்கிட்டு இறக்கிறான். சகோதரர்கள் என்னும் தலைப்பில் அவனுக்கும் பங்கு உண்டா என்பதைக்கூட நாவல் தெளிவுபடுத்தவில்லை.