புரியாமையின் கறார்

சிறாருக்கான தன்வரலாற்றில் இரண்டு குரல்கள் பேசுகின்றன. ஒன்று, நடந்தபோது எதுவும் விளங்காத குழந்தையின் குரல். மற்றது, பின்னாளில் எல்லாம் விளங்கிக்கொண்ட பெரியவரின் குரல். நிறப்பிரிவினையை நினைவுகூரும் நூல்களில் பெரியவர் குழந்தையை விழுங்கிவிடுவது வழக்கம். ரூபி பிரிட்ஜஸின் ‘த்ரூ மை ஐஸ்’ (1999) பெரும்பாலும் அதிலிருந்து தப்பிய நூல்.

1960 நவம்பர் 14. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குக் கூட்டரசு மார்ஷல்களின் காவலில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி வருகிறாள். வாசலில் கூச்சலிடும் வெள்ளையர் கூட்டம் அவளுக்கு மார்டி கிரா திருவிழாவாகத் தெரிகிறது. அவர்கள் தன்னை வெறுப்பது தன் நிறத்துக்காக என்பது அவளுக்குப் பின்னால்தான் உறைக்கிறது. அதுவும், ‘உன்னோடு விளையாடக் கூடாதென்று அம்மா சொல்லிவிட்டாள்’ என்று ஒரு சிறுவன் காரணத்தோடு சொல்லும்போது. வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்த உண்மை பாத்திரத்துக்குத் தாமதமாக வந்துசேர்கிறது. நூலின் கலைவலிமை இந்த இடைவெளியில் இருக்கிறது.

சாண்ட்விச் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட ஏங்கும் ரூபி, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை வகுப்பறை அலமாரியில் ஒளித்துவைக்கிறாள். பாலைப் பசை ஜாடியில் ஊற்றுகிறாள். ஒதுக்கிவைத்தல் ஒரு குழந்தையின் உடலில் எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேவையில்லை. அந்த ஆண்டு அவளைச் சந்தித்துவந்த மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் எழுதிய படப்புத்தகம் (1995), தன்னைத் தூற்றிய கூட்டத்துக்காக அவள் பிரார்த்தித்ததை உச்சமாக்குகிறது. கட்டுக்கோப்பான நூல்தான், பிரார்த்தனையும் உண்மையே. ஆனால் அது ரூபியைப் புனிதராக உயர்த்திவிடுகிறது. புனிதரைச் சிறுவர்கள் வணங்குவார்கள். பாலை ஒளித்து ஊற்றும் சிறுமியிடம்தான் தங்களைக் காண்பார்கள்.

‘த்ரூ மை ஐஸ்’ நூலில் குறைகளும் உண்டு. தந்தை பெட்ரோல் பங்க் வேலையை இழந்ததும், மிசிசிப்பியில் தாத்தாவும் பாட்டியும் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் குழந்தையின் கண்ணுக்கு எட்டாதவை. அங்கே பெரியவரின் குரல் நியாயமாகவே நுழைகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுத்தாளர் ஸ்டைன்பெக் எழுதிய பத்திகள், செய்தித்தாள் துணுக்குகள், ஆசிரியை பார்பரா ஹென்றியின் நினைவுகள் ஆகியவற்றைக் கதையின் அருகிலேயே அடுக்கியது வேறு விஷயம். சான்றாக அவை நூலுக்கு வலுச் சேர்க்கின்றன. பத்து வயது வாசகரின் ஓட்டத்தையோ அடிக்கடி அறுக்கின்றன. ரூபி பள்ளிக்கு வந்த அதே நாளில் மெக்டோனோ 19 பள்ளியில் நுழைந்த மூன்று கறுப்பினச் சிறுமிகளுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். பிற்கால வாழ்வைச் சொல்லும் இறுதிப் பகுதிகள் அனுபவத்தை விட்டுவிட்டுத் தகவலாகச் சுருங்குகின்றன.

2022இல் ரூபி பிரிட்ஜஸே இன்னும் இளையோருக்காக எழுதிய ‘ஐ ஆம் ரூபி பிரிட்ஜஸ்’ குழந்தையின் குரலை விடாமல் பிடித்திருக்கிறது. அதற்கு விலையாக அச்சத்தை மெலிதாக்கிவிட்டது. முதலில் படிக்க அது போதும். ஆனால் அளவுகோலாக வைக்கத்தக்கது, குறைகளோடும் 1999 நூலே.