மழைநீரில் மிதக்கும் பொன்

பொன், வெள்ளி, செம்பு நிற மைகளை நீரின்மேல் மிதக்கவிட்டு, அங்கே விளையும் கோலத்தைக் கடதாசியில் ஏந்தி எடுப்பதைப் போல என்னை ஆட்கொண்ட கைவேலை வேறொன்றுமில்லை. அதற்கு எங்கள் யாழ்ப்பாணத்து மாரியைவிடத் தோதான காலமும் இல்லை.

காரணம் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. அந்தக் கல்லில் ஊறிவரும் கிணற்று நீரில் கல்சியம் அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுதான். மையைத் தாங்கும் கூழுக்கு அந்தக் கல்சியம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் பீலியால் கொட்டும் மழைநீரோ மென்மையானது. முதல் மழை கூரையைக் கழுவிப் போனபிறகு பிடித்து வையுங்கள். பாதி வேலை முடிந்தது.

கூழுக்கு வேண்டியது கராஜினன் தூள். கடலில் விளையும் செம்பாசியிலிருந்து எடுப்பது அது. அத்தகைய பாசி ஒன்றான கப்பாபைகஸை எங்கள் வடக்குக் கடலோரத்திலேயே வளர்க்கிறார்கள்! லீற்றருக்கு 6 அல்லது 7 கிராம் போட்டு நன்றாகக் கலக்கி ஓர் இரவு விட்டால், குமிழி அடங்கித் தண்ணீர் தடித்துவிடும். பொன்மையின் மினுக்கம் பெரும்பாலும் அப்பிரகத் துகளால் வருவது. நீரைவிடக் கனமான அந்தத் துகள் வெறும் தண்ணீரில் சீக்கிரம் தாழ்ந்துபோகும். கூழின்மேல் என்றால் தங்கி நிற்கும். ஆறுதலாக வேலை செய்யலாம்.

கடதாசிக்குச் சீனக்காரம் கரைத்த நீரை முன்கூட்டியே பூசிக் காயவைக்க வேண்டும். நிறத்தை நாரோடு பிணைத்து வைப்பது அதுதான்.

இனித்தான் கொண்டாட்டம். பொன்மை ஒரு துளி விழுந்ததும் வட்டமாய் விரியும். அதன் நடுவே செம்பு விட்டால் பொன் விலகி வளையமாகும். அதற்குள் வெள்ளி, மறுபடியும் பொன். ஒன்றோடொன்று கலக்காமல் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்து நிற்கும் அழகை என்னவென்று சொல்ல! தென்னை ஈர்க்கால் ஒரே ஓர் இழுவை. வளையங்கள் எல்லாம் மயிலிறகாய் நீளும். கறுப்புக் கடதாசியை ஒரு மூலையிலிருந்து மெல்லச் சரித்து இறக்கினால் காற்று அகப்படாது. தூக்கி அலசிக் கொடியில் போட்டபிறகு வெயில் ஏறட்டும், பாருங்கள்: தாளைச் சற்றுத் திருப்பினாலே பொன் ஓரிடத்தில் அணைந்து இன்னோரிடத்தில் பற்றிக்கொள்ளும். ஒரு தாளில் வந்த கோலம் இன்னொன்றில் அச்சாக வரவே வராது. அந்த ஒருமுறைத்தன்மைதான் எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது.

இது நேற்றுப் பிறந்த பொழுதுபோக்கும் அல்ல. யப்பானியர் 12ஆம் நூற்றாண்டிலேயே சுமினகாஷி என்ற பெயரில் மையை மிதக்கவிட்டுத் தாளில் எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தக்காணத்து ஓவியர்கள் இந்த முறையால் குதிரை உருவங்களையே படைத்தார்கள். இதே வகையான துருக்கியரின் எப்ரு கலையை 2014 இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடலுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில், 1959 இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்கடதாசித் தொழிற்சாலை இப்படிக் கோலம் எடுத்த மார்பிள் தாள்களுக்குப் பேர்போனது.

எங்கள் பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். அகலமான ஒரு தட்டம், மழைநீர், ஈர்க்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தூளும் மையும் மட்டும் வாங்கினால் போதும். வரும் மாரியில் வகுப்பறைக்குள் இதைக் கொண்டு வாருங்கள். முதல் தாளைப் பிள்ளைகளே தூக்கட்டும்.