சோஃபியின் வாய்

"படத்துல வர்ற சோஃபிதான் நல்லா இருக்கா மேடம். புத்தகத்துல ரொம்ப வாயாடி."

டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் கேஸில்' நாவலையும், ஹயாவோ மியாசாகி அதை 2004இல் எடுத்த அனிமேஷன் படத்தையும் அடுத்தடுத்து முடித்துவிட்டு வந்த என் மாணவி சொன்னது. அவள் குறையாகச் சொன்ன வாய்தான் அந்த நாவலின் உயிர். அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல வரவில்லை.

தொப்பிக் கடையில் வேலை செய்யும் இளம்பெண் ஒரு சூனியக்காரியின் சாபத்தால் தொண்ணூறு வயதுக் கிழவியாகிறாள். மந்திரவாதி ஹவுலின் நடமாடும் கோட்டைக்குள் புகுந்து, தன்னைத் தானே வேலைக்காரியாக நியமித்துக்கொள்கிறாள். இதுவரை இரண்டும் ஒன்று.

நாவலின் சோஃபி மூன்று பெண்களில் மூத்தவள். அப்பா இறந்தபின் நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து தைக்கிறாள். சம்பளம் கேட்டால் சிற்றன்னை தள்ளிப்போடுகிறாள். உன்னைச் சுரண்டுகிறார்கள் என்று தங்கை நேராகவே சொல்கிறாள். பேச ஆளில்லாத சோஃபி தொப்பிகளோடு பேசுகிறாள். பெரிய இடத்து ஆள் உன்மேல் ஆசைப்படுவான் என்று ஒரு தொப்பியிடம் சொன்னால், அதை வாங்கிப் போனவள் ஒரு பிரபுவோடு போய்விடுகிறாள். இப்படிப்பட்டவளை நம் வீடுகளில் வாக்கு பலிக்கிறவள் என்போம், பிடிக்காவிட்டால் கருநாக்கு. கூலியில்லாத வேலை, யாரும் காதில் வாங்காத பேச்சு: ஜோன்ஸ் மந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தது அங்கேதான்.

படத்துச் சோஃபிக்கு இந்தச் சக்தி இருப்பதாகவே தெரியவில்லை. பேசாமல் தைக்கிறாள்.

இரண்டிலும் அவள் ஹவுலின் அம்மாவாக நடித்து அவனுடைய ஆசிரியையைச் சந்திக்கப் போகிறாள். நாவலில் அந்த முதியவள், மிஸஸ் பென்ட்ஸ்டெம்மன், சோஃபியின் கைத்தடியைப் பார்த்தே கண்டுகொள்கிறாள்: நீ பேசிப் பேசி இதற்கு உயிர் கொடுத்திருக்கிறாய், நீயும் மந்திரக்காரிதான். தன் திறமையின் பெயரை ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்கும் இடம் அது. எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த இடமும் அதுதான். படத்தில் அந்த ஆசிரியை மேடம் சுலிமான் ஆகிறாள். அரசின் கையாள், மற்றவர்களின் மந்திரத்தைப் பறிப்பவள். அவளும் சோஃபியைக் கூர்ந்து பார்க்கிறாள். பார்த்துவிட்டு, நீ ஹவுலைக் காதலிக்கிறாய் என்கிறாள். அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

படத்தை நான் வெறுக்கவில்லை. இரண்டு கிழவிகள் மூச்சு வாங்க அரண்மனைப் படிகளில் ஏறுவதை, அவசரமில்லாமல் அத்தனை நேரம் காட்டிய வேறு படம் எனக்கு நினைவில்லை. கடைசியில் இளமை திரும்பியும் நரை அப்படியே இருக்கிறது. நாவலில் செம்பொன் முடி வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் மியாசாகி கட்சி. சக்தியிழந்து குழந்தைபோல் ஆகிவிட்ட சூனியக்காரிக்கு சோஃபி ஊட்டிவிடும்போது கண் கலங்கியது. அப்புறம் கணக்குப் போட்டேன். நாவலில் பதினைந்து வயதுச் சீடன் மைக்கேல், படத்தில் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வயதுச் சிறுவன். அவன், கிழவி, நாய், ஹவுல். எல்லாரையும் பார்த்துக்கொள்வது யார்? வாக்கைப் பறித்துவிட்டு வீட்டை அவள் தலையில் கட்டியிருக்கிறது படம்.

முடிவைப் பாருங்கள். ஹவுலின் இதயத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்தால், அதைக்கொண்டே உயிர்வாழும் நெருப்புப் பூதம் கால்சிஃபர் அணைந்துவிடும். நாவலில் சோஃபி அந்த நெருப்போடு பேசுகிறாள், தொப்பிகளோடு பேசியதைப் போலவே. அதனால்தான் கால்சிஃபர் பிழைக்கிறது. படத்திலும் அதன் மிச்சம் ஒன்று உண்டு. கால்சிஃபர் ஆயிரம் ஆண்டு வாழட்டும் என்று மெல்லிய குரலில் வேண்டிக்கொள்கிறாள். அதுவரை அவள் பேச்சு எதையும் நிகழ்த்தியதில்லை என்பதால், பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பிரார்த்தனை. அடுத்த முறை அந்த மாணவி வரும்போது இந்த இரண்டு காட்சிகளையும் அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.