ஜாடையும் வம்சமும்

தொப்பம்பட்டிக்குப் போயிருந்தபோது ஓர் இளைஞர் தம் முதல் நாவலையும், அதற்கு வந்த மதிப்புரை ஒன்றையும் கொடுத்தார். கிணறு வற்றி, கடன் ஏறி, காட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போகிற குடும்பத்தின் கதை. ஸ்டைன்பெக் 1939-இல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலின் அப்பட்டமான திருட்டு என்று மதிப்புரை தீர்த்துவிட்டது.

“ஏனுங்க, படிக்காத புத்தகத்திலிருந்து எப்படிங்க திருடறது?” என்றார். இனி எழுதுவதாக இல்லை என்றும் சொன்னார்.

அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தகைவிலானும் பனை உழவாரனும் பறப்பது தெரியும். அரிவாள் மாதிரி இறக்கை, பிளந்த வால், அகன்ற வாய். அண்ணன் தம்பி என்றே தோன்றும். லின்னேயஸே 1758-இல் இவ்விரு வகைகளையும் ஒரே பேரினத்தில் அடைத்துவிட்டார். உண்மையில் தகைவிலான் சிட்டுக்குருவிக்குப் பங்காளி. உழவாரனுக்கு உறவு அமெரிக்காவின் ரீங்காரச்சிட்டு. பறந்துகொண்டே பூச்சி பிடிக்க வேண்டுமென்றால் காற்று அந்த உருவத்துக்குத்தான் இடங்கொடுக்கிறது. காலைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். தகைவிலான் மின்கம்பியில் சாவகாசமாக உட்காருகிறது. உழவாரனுக்கு உட்காரவே வராது, பனையோலையில் தொற்றிக்கொள்ளும். கூட்டைக்கூட எச்சிலால் ஓலையில் ஒட்டித்தான் வைக்கிறது.

டார்வின் 1859-இலேயே திமிங்கிலத்தையும் ஆவுளியாவையும் காட்டி இதைச் சொன்னார். நம் பாக் நீரிணையில் மேய்கிற அதே ஆவுளியாதான், யானைக்குச் சொந்தம். பிழைப்புக்காக அமைந்த உறுப்பை நம்பி வம்சத்தை நிர்ணயிக்காதே என்பது அவர் கட்சி.

மதிப்புரைகாரர் காட்டிய ஒற்றுமைகள் எல்லாம் இந்த ஜாதிதான். இரண்டு நாவலிலும் தாய்தான் குடும்பத்தைக் கட்டி இழுக்கிறாளாம். நிலம் போய், ஆண்கள் வாயடைத்து நின்றால், அடுப்பை யார் பார்ப்பது? ஓக்லஹோமாவானால் என்ன, தொப்பம்பட்டியானால் என்ன? ஸ்டைன்பெக் நாவலில் ஓர் ஆமை சாலையைக் கடப்பதற்கே ஒரு சிறு அத்தியாயம் இருக்கிறது. கதை அதைக் கேட்கவில்லை; அவருக்குத் தோன்றியது, எழுதினார். அந்த ஆமை தாராபுரம் ரோட்டையும் கடந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். இங்கே கடப்பது ஆமை இல்லை. கமலைக் கயிற்றை விற்க மனசில்லாமல் ஒரு கிழவர் அதைக் கட்டிலுக்குப் பின்னிக்கொண்டிருக்கிறார். பதினோரு பக்கம் பின்னுகிறார். இதை யாரிடமிருந்து எடுக்க முடியும்?

நாவலில் குறை இல்லாமல் இல்லை. திருப்பூர் வந்த பிறகு அறுபது பக்கம் தள்ளாடுகிறது. மதிப்புரைகாரர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் பென்சிலை எடுத்துப் பக்க எண்களைக் குறித்துக்கொண்டார்.