பெயிலானாலும் பரவாயில்லை, பெயிலாகவே கூடாது

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆங்கிலப் பாடவேளையில் என்ன செய்யப் பழகவேண்டும்? இலங்கையில், மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு என்று பட்டியல் நீளும். தமிழ்நாட்டுப் பாடநூலும் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கையும் குறைவில்லாமல் சொல்கிறது. ஏட்டளவில் இரண்டு இடத்திலும் ஆசை ஒன்றுதான். வகுப்புக்குள் போனால் கதை வேறு. அந்த வேறுபாடு, நாலைந்து வருடம் கழித்து வரப்போகும் பொதுப் பரீட்சையிலிருந்து பிறக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆங்கிலம் என்றால் உரைநடை, கவிதை, துணைப்பாடம். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். பிள்ளைகள் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் கேள்வி-பதில் கரும்பலகையில் ஏறும், நோட்டுக்கு இறங்கும், சிவப்பு மையில் திருத்தம் பெறும். மனப்பாடக் கவிதையை மறுநாள் ஒப்பிக்கவேண்டும். எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. அப்படியிருந்தும் ஆறாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பின் நெடி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. காரணம் எளிது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் 35 மதிப்பெண் எடுக்காதவர் அந்தத் தேர்விலேயே தேர்ச்சி பெறாதவர். 2019-20 முதல் இரண்டு தாள் ஒரே தாளாகிவிட்டது. கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து ஐந்து வாக்கியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாடத்திலிருந்து வரும் கேள்விகளும், நினைவிலிருந்து எழுதவேண்டிய கவிதை வரிகளும்தான் பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுப்பவை. மெல்லக் கற்போருக்கென்று மெலிந்த கையேடு ஒன்று வரும், அதை உருப்போட்டால் கரையேறலாம். ஒரு வாக்கியமும் சொந்தமாக எழுதத் தெரியாத பிள்ளை ஆங்கிலத்தில் தேறிவிடும். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கையேடு இல்லாவிட்டால் படிப்பையே விட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் பலர்.

இலங்கையில் இந்த உருப்போடலுக்கு வேலையில்லை. தரம் 6 முதல் கையில் கிடைப்பது ஒரு பாடநூலும் ஒரு பயிற்சி நூலும். அவை சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பொதுவானவை. விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பு எழுது, தொலைந்த பையைப் பற்றி அறிவித்தல் போடு என்பதுபோல வேலை வாங்கும் நூல்கள். இலக்கியம் வேண்டுமென்றால் தரம் 10இல் தனிப்பாடமாக எடுக்கலாம். க.பொ.த. சாதாரண தரத்தில் 40 புள்ளிக்கு ஒன்றும் 60 புள்ளிக்கு ஒன்றுமாக இரண்டு வினாத்தாள். இரண்டிலும் பாடநூலிலிருந்து கேள்வி வராது. முன்பின் பார்த்திராத பந்தியை வாசித்து விடை எழுதவேண்டும், கடிதமோ கட்டுரையோ சொந்தக் கையால் எழுதவேண்டும். வினாத்தாளை மட்டும் வைத்துச் சொன்னால் இலங்கைதான் மேல்.

ஆனால் ஆங்கிலத்தில் W (சித்தியின்மை) வந்தாலும் உயர்தரத்துக்குப் போகலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் உண்டு, அதன் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. இதைத் தரம் 8 பிள்ளை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. பெற்றோரும் அறிவார்கள். ரியூஷன் காசு முதலில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போய், மிஞ்சினால் ஆங்கிலத்துக்கு வரும். வன்னிப் பக்கம் ஆங்கில ரீச்சர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பார்கள். யாழ்ப்பாணத்தார் ஆங்கிலத்தில் கெட்டிக்காரர் என்று இன்னமும் சிலர் பெருமைப்படுவதுண்டு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்த விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானது உண்மைதான். முல்லைத்தீவில் ஆசிரியரில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன?

இலங்கைப் பாடசாலைகளின் ஆங்கில தினப் போட்டியையும் சொல்லவேண்டும். சொல்வதெழுதல், பார்த்தெழுதல், கவிதை ஒப்பித்தல், பேச்சு என்று கோட்டம், வலயம், மாகாணம் தாண்டி அகில இலங்கை மட்டம் வரை போகும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைப் பிடித்து வாரக்கணக்கில் பழக்குவார்கள். பேச்சை எழுதுவது ரீச்சர். எந்த வரியில் கை உயரவேண்டும், எங்கே குரல் தாழவேண்டும் என்பதும் அவர் சொல்லிக்கொடுப்பதே. மற்ற முப்பது பேருக்கும் அந்தக் கிழமைகள் ஓய்வு. உருப்போடல் இலங்கையை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை என்பதற்கு இது சாட்சி.

ஆங்கில மொழிமூலத்தின் கதையும் ஏறக்குறைய ஒன்றே. இலங்கையில் 2000களின் தொடக்கத்தில் இருமொழிக் கல்வி வந்தது, தமிழ்ப் பாடசாலைகளில் சிலவற்றோடு நின்றது. தமிழ்நாட்டில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. அறிவியலை ஆங்கிலப் புத்தகத்தில் வைத்துத் தமிழில் விளக்கும் வகுப்புகளே அவற்றில் மிகுதி.

இரண்டு பரீட்சைகளும் கேளாமல் விடுவது ஒன்று உண்டு: பேச்சு. சாதாரண தரத்திலும் பத்தாம் வகுப்பிலும் பிள்ளையை வாய்திறக்கச் சொல்வார் எவருமில்லை. ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், ‘பேசவேண்டும்’ என்றே சொல்லும்.

இலங்கையின் வினாத்தாளும் தமிழ்நாட்டின் கண்டிப்பும் ஓரிடத்தில் சேர்ந்தால் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஆங்கிலச் சித்தியைக் கட்டாயமாக்குங்கள் என்று இன்றைக்குச் சொல்லமாட்டேன். ஆசிரியரை அனுப்பாத அரசு, பிள்ளைக்குத் தண்டனை விதிக்கக்கூடாது.

ஆறிலிருந்து எட்டு வரை இரண்டு இடத்திலும் பொதுப் பரீட்சை கிடையாது. தமிழ்நாட்டில் 2012-13இல் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறது. இலங்கையில் பாடசாலை மட்டக் கணிப்பீடு இருக்கிறது. இரண்டும் வகுப்பாசிரியர் கையில் இருப்பவை. ஒரு தவணையில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு நிமிடம், பிழையாகவேனும், தன் வீட்டைப் பற்றியோ சந்தையைப் பற்றியோ ஆங்கிலத்தில் பேசட்டும், அதற்குப் புள்ளி போடுங்கள். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரத் தேவையில்லை.